ஆறாம் படி

ராஞ்சி, ராத்து ரோடு. இரவு ஒன்றேகால்.
ஏடிஎம்முக்குக் காவல் நான்.
ஜனவரியிலும் நிறுத்த ஆளில்லாமல்
உறுமுகிறது குளிர்சாதனம்.
கம்பெனி கொடுத்த சட்டை இரண்டு அளவு பெரிது.
உள்ளே ஸ்வெட்டர் போட்டால் சரியாக இருக்கிறது,
அதனால் குறை சொல்வதில்லை.

கூடையில் விழும் ரசீதுகளுக்கு முதுகு வெள்ளை.
முகத்தில் யாருடைய மிச்சமோ:
நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்பது காசு.
முதுகில் என் படி ஒன்று, படி இரண்டு.

மெயின்ஸுக்குப் பதினெட்டு நாள்.
ஐந்து கேள்வி, ஆறு நிமிடம்.
கலைந்து கிடக்கும் ஒரு வரியை
எந்திரம் படிப்படியாக அடுக்கும்,
என்ன விதி என்று மட்டும் சொல்லாது.
கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும்.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு
இரண்டு தேர்வுகள் செலவாயின.

பயிற்சிப் புத்தகத்தில் சொற்கள் தீர்ந்துவிட்டன.
குடை, பாலம், ஆப்பிள், மறுபடி குடை.
இன்று வீட்டையே எடுத்து உள்ளே போட்டேன்.
எங்கள் ஆட்களுக்குப் பெயர் தேட வேண்டியதில்லை,
பிறந்த கிழமை போதும்:
அப்பா வெள்ளி, அண்ணன் செவ்வாய்,
தங்கை புதன். ஞாயிறு நான்.

உள்ளீடு:
சுக்ரா 58 மங்கரா 17 எத்வா 26 புத்னி 19

அண்ணனுக்குப் பதினேழு என்று போட்டது பிழையில்லை.
ஹட்டியா ஸ்டேஷனில் ரயிலேறியபோது அதுதான் வயது.
ஹரியானாவில் செங்கல் சூளை என்றார்கள்.
கூட்டிப்போன ஆள் திரும்பி வந்தான்,
புது மோட்டார் சைக்கிளில்.
அவன் மட்டும்.

விதி: எழுத்து வரிசையில் ஒரு சொல்லை இடப்பக்கம் இழு,
அதன் பின்னால் இருப்பதிலேயே சின்ன எண்ணை.
ஆங்கிலத் தாளில் புத்னி முந்துவாள்.
இந்தித் தாளில் உயிரெழுத்து என்னுடையது.

ஒன்று: எத்வா சுக்ரா 58 மங்கரா 17 26 புத்னி 19
இரண்டு: எத்வா 17 சுக்ரா 58 மங்கரா 26 புத்னி 19

ஆஸ்பத்திரி வாடையோடு ஒரு பெண் வந்தாள்.
கார்டைத் தலைகீழாகச் செருகினாள், இருமுறை.
தொட எனக்கு அனுமதி இல்லை.
திருப்பிப் போடுங்கள் என்றேன்.
ரகசிய எண்ணை அழுத்தும்போது சுவரைப் பார்த்து நின்றேன்;
எண்ணை அவள் வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.
ஐந்நூறு வந்தது. மறுபடி ஐந்நூறு.
மூன்றாம் முறை எந்திரம் மறுத்தது.
ஏன் என்று என்னைக் கேட்டாள்.
என்ன சொல்வது, திரையிலேயே எழுதியிருந்தது.

மூன்று: எத்வா 17 புத்னி சுக்ரா 58 மங்கரா 26 19
நான்கு: எத்வா 17 புத்னி 19 சுக்ரா 58 மங்கரா 26
ஐந்து: எத்வா 17 புத்னி 19 மங்கரா சுக்ரா 58 26
ஆறு: எத்வா 17 புத்னி 19 மங்கரா 26 சுக்ரா 58

அப்பாவை ஒருமுறைகூட இழுக்கவில்லை.
மற்றவர்கள் முன்னே நகர நகர
தானாகவே கடைசிக்குப் போய்விட்டார், தன் வயதோடு.
தங்கைக்கும் அவள் வயதே திரும்பக் கிடைத்தது.
நாங்கள் இருவர்தான் மாறிப்போனோம்.
என் பக்கத்தில் பதினேழு.
மங்கராவுக்கு இருபத்தாறு.
அந்த வயதில் அவனை யாரும் பார்த்ததில்லை.
பேனாவை மூடிவிட்டுச் சற்று நேரம்
அந்த வயதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மீசை இருந்திருக்கும்.

ஐந்தாவது கேள்வி எப்போதும் ஒன்றேதான்:
இறுதிப் படி இதுவானால் உள்ளீடு எது?
நான்கு விடைகள் நான்கு வரிகளாக ஆசை காட்டும்.
ஐந்தாவது: தீர்மானிக்க இயலாது.
படியிலிருந்து பின்னோக்கி நடக்க வழியில்லை,
எந்த வரியிலிருந்தும் இங்கே வந்திருக்கலாம்.
தாளிலேயே சுலபமான மதிப்பெண்.
யோசிக்காமல் வட்டத்தை நிரப்ப வேண்டும்.

கடிகாரம் பதினொன்றரை நிமிடம் காட்டியது.
அந்தப் பெண்ணுக்குப் போன நாலைக் கழித்தாலும்
ஒன்றரை நிமிடம் அதிகம்.
கூடையிலிருந்து இன்னொரு ரசீது எடுத்தேன்.
அவளுடையதுதான் மேலே கிடந்தது;
அதை விட்டு, அடியிலிருந்து.